"இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளையின் ஞாபகத்தோடு பேசும் வழி

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிற யார் வந்து கேட்டாலும் நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நானும் என் மகனும் நாலு வருடம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் கேட்பேன், அவன் "தெரியல" என்பான், நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தி "காலையில போனவன், சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமேவா நடக்கல?" என்பேன், அவன் காதைப் பொத்திக்கொண்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அதே பிள்ளை, வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் போகிற ஊர் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் எத்தனை வரிசை, அதில் எந்தக் கல்லில் பூ தலைகீழாக இருக்கிறது என்று காரைக்குடியில் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்வான்.

"ஞாபகசக்தி அபாரம், ஆனா கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறான், அழுத்தக்காரப் பிள்ளை" என்று உறவில் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். பிறகு படிக்கப் படிக்க, அவனோடு இருந்து பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, அவன் சொல்ல மறுக்கவில்லை, நான் கேட்ட விதத்தில் அவனால் தேடி எடுக்க முடியவில்லை. இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. எங்கள் வீட்டில் என்னென்ன மாற்றினோம், எது உதவியது, ஏன் உதவியது என்று தெரிந்தவரை எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒத்து வருவது இன்னொரு பிள்ளைக்கு ஒத்து வராது, பேச்சு வராத பிள்ளைகளுக்கு இதில் பாதியைப் படமாக மாற்ற வேண்டியிருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பேரேடும் குறிப்பேடும்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதைப் புரிய வைப்பது சுலபம், ஏனென்றால் வீட்டுக்கு வீடு பழைய கணக்குப் புத்தகங்கள் கிடக்கின்றன. என் கணவரின் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, வேலை பழகும் பையனாகத் தொடங்கிப் பிறகு கடை பார்த்தவர், அவர் எழுதியவை இன்னமும் மரப்பெட்டியில் இருக்கின்றன. அன்றன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்துப் பதிவது பேரேடு. மனித ஞாபகத்திலும் இப்படி இரண்டு உண்டு என்று 1972ல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் பிரித்துச் சொன்னார். உலகத்தைப் பற்றித் தெரிந்த தகவல்கள் ஒரு வகை. "நான் அங்கே இருந்தேன், இது எனக்கு நடந்தது" என்று அந்த இடத்துக்கே மனதால் திரும்பிப் போய்ப் பார்ப்பது இன்னொரு வகை. ஆட்டிசம் உள்ள பலருக்கு முதல் வகை, அதாவது பேரேடு, நன்றாகவே இருக்கிறது, சிலருக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு நன்றாக. தன் வாழ்க்கையில் நடந்த ஒரு குறிப்பிட்ட நாளை, குறிப்பிட்ட நிகழ்ச்சியை எடுத்துச் சொல்வதுதான் கஷ்டம். பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும் இதே வித்தியாசம் வந்திருக்கிறது: தான் படித்த பள்ளி, இருந்த தெரு, ஆசிரியர் பெயர் எல்லாம் சொல்லிவிடுகிறார்கள், அந்தப் பள்ளியில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்கள் என்றால் தடுமாறுகிறார்கள்.

இங்கே முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. குறிப்பேட்டில் அந்தப் பக்கம் பெரும்பாலும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது, பக்க எண் இல்லாததால்தான் தேட முடியவில்லை. லண்டனில் டெர்மட் பௌலர் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறார்கள். எந்தத் துப்பும் கொடுக்காமல் "ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்" என்றால் ஆட்டிசம் உள்ளவர்கள் பின்தங்குகிறார்கள், தேடிப் பிடிக்க ஒரு நுனியைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டால் அந்த இடைவெளி பெருமளவு குறைந்துவிடுகிறது. "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பது நுனியே இல்லாத கேள்வி. எட்டு மணி நேரத்தை மொத்தமாக முன்னால் கொட்டிவிட்டு ஏதாவது ஒன்றை எடு என்கிறோம்.

நுனியைக் கொடுத்துக் கேட்பது

வந்தவுடன் கேட்காதீர்கள். முதலில் கால் கழுவட்டும், சாப்பிடட்டும், அரை மணி நேரம் அவன் பாட்டுக்கு இருக்கட்டும். அப்புறம் ஒரு பொருளைக் கையில் எடுங்கள். சாப்பாட்டு டப்பா நல்ல பொருள். "இந்த டப்பாவைத் திறந்தப்ப பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். காத்திருப்பதுதான் இதில் பெரிய வேலை. மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பத்தில் வராவிட்டால் இருபது எண்ணுங்கள், நடுவில் கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இடத்தை வைத்துக் கேட்பதும் நன்றாக வேலை செய்யும். பள்ளிக்கூடத்தை ஒரு தாளில் சதுரம் சதுரமாக வரைந்துகொண்டோம், வாசல், வகுப்பு, குழாயடி, மைதானம், கழிப்பறை. விரலை வைத்து "இங்க?" என்றால் போதும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாரம் குழாயடியில் விரலை வைத்ததும் "தண்ணி வரல, சார் திட்டுனாரு, என்னைய இல்ல" என்றான். நாலு வருடத்தில் அவன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குச் சொன்ன முதல் சங்கதி அது. நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆசிரியரிடம் ஒரு உதவி கேளுங்கள்: தினமும் இரண்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு படம். "கணக்கு வகுப்பில் குச்சி வைத்துக் கூட்டினோம்" என்ற அளவுக்கு இருந்தால் போதும். அந்த நுனியை வைத்துக்கொண்டு நீங்கள் மீதியை அவனிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதோடு உங்கள் நாளை முதலில் நீங்கள் சொல்லுங்கள். "நான் இன்னைக்கு வங்கிக்குப் போனேன், வரிசை பெருசா இருந்துச்சு, காலு வலிச்சுது, எரிச்சலா வந்துச்சு" என்று. எங்கே, யார், என்ன, எனக்கு எப்படி இருந்தது என்ற அமைப்பு அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். எல்லாப் பிள்ளைகளுமே தன் கதையைச் சொல்லக் கற்பது பெரியவர்கள் அப்படிப் பேசிக் கேட்டுத்தான்.

ஒரு எச்சரிக்கை. நுனி கொடுப்பது வேறு, பதிலையே கொடுப்பது வேறு. "அந்தப் பையன் உன்னை அடிச்சானா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிக் கேள்வியை முடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, என் மகனும் அப்படித்தான் இருந்தான். காயமோ, திடீரென்று ஓர் இடத்துக்குப் போகவே பயமோ தெரிந்தால், இடத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டிக் கேளுங்கள், பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, மாற்றுத்திறன் உள்ள குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சிறப்பு ஆசிரியரின் உதவியைப் பெற வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். "இவன் சொன்னா யாரு நம்புவா" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள், சரியாகக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் சொல்வது குறைவாக இருந்தாலும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒரு நோட்டு

கோடு போட்ட நோட்டு ஒன்று, ஒரு நாளுக்கு ஒரு பக்கம். நாங்கள் அதைக் குறிப்பேடு என்றே சொல்கிறோம், ஐயாவின் புத்தகத்தைப் பார்த்தபிறகு அவனுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. நான்கே விஷயம்: எங்கே இருந்தேன், கூட யார், என்ன செய்தேன், உடம்பு எப்படி இருந்தது. எழுத வராத பிள்ளையென்றால் படம் ஒட்டுங்கள், பஸ் டிக்கெட் ஒட்டுங்கள், சந்தையில் வாங்கிய பொட்டலத்தின் காகிதத்தை ஒட்டுங்கள். அவன் சொல்ல நீங்கள் எழுதினாலும் "நான்" என்றுதான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் பக்கங்களைச் சேர்ந்து புரட்டுவோம், அதிலிருந்து ஒன்றிரண்டைப் பின்பக்கத்தில் பேரேடு மாதிரி பிரித்து எழுதுவோம். "எனக்குப் பிடித்தது", "எனக்கு ஒத்துக்கொள்ளாதது", "நானே செய்தது." ஆறு மாதம் கழித்து "எனக்கு ஒத்துக்கொள்ளாதது" பக்கத்தை அவனே பார்த்துவிட்டு "குக்கர் சத்தம், குக்கர் சத்தம், குக்கர் சத்தம். மூணு தடவ வந்திருக்கு. எனக்குக் குக்கர் சத்தம் ஆகாது" என்றான். எனக்கு அது முன்பே தெரியும். ஆனால் அவன் தன்னைப் பற்றி, தன் நாட்களைப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இனி செய்ய வேண்டியதை ஞாபகம் வைப்பதற்கும் ஒரு வார்த்தை. "ஏழு மணிக்கு மோட்டாரைப் போடு" என்றால் மறந்துவிடும், கடிகாரத்தை அடிக்கடி நினைத்துப் பார்க்கும் வேலை பலருக்குக் கஷ்டம். "காபி டம்ளரைக் கழுவி வச்சதும் மோட்டாரைப் போடு" என்றால் நடக்கும். அவ்வளவுதான், கண்ணுக்கு முன்னால் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள்.

"தண்ணி வேணுமா?"

சின்ன வயதில் அவனுக்குத் தாகம் எடுத்தால் என்னிடம் வந்து "தண்ணி வேணுமா?" என்பான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன், அவன் தரையில் விழுந்து அழுவான். எத்தனை முறை அப்படி நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. அவன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவன் காதில் விழுந்த வார்த்தை "தண்ணி வேணுமா" என்பதுதான், ஆகவே தண்ணீருக்கு உரிய வார்த்தை அதுதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். 1943ல் லியோ கன்னர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, "நான்", "நீ" இரண்டையும் கேட்டபடியே திருப்பிச் சொல்வதைக் குறித்திருக்கிறார். தமிழில் "நான்" என்ற சொல்லையே பாதி நேரம் விட்டுவிடுகிறோம், வினைமுற்றிலும் குரலிலும்தான் யார் பேசுகிறார் என்பது இருக்கிறது, அதனால் பெற்றவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவது இன்னும் சுலபம்.

திருத்தாதீர்கள். அவன் பக்கத்தில், அவன் பார்க்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்திலிருந்து சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." சொல்லிவிட்டு உடனே டம்ளரைக் கொடுங்கள். கேள்வியாக இல்லாமல் அவன் வாக்கியமாகக் காதில் விழ வேண்டும். எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கண்ணாடியில் தன் முகத்தை அடையாளம் தெரிகிறதா என்று பலர் சோதித்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலான ஆட்டிசப் பிள்ளைகள் கண்ணாடியில் தன்னை அறிந்துகொள்கிறார்கள், கஷ்டம் அங்கே இல்லை. உள்ளே நடப்பதற்குப் பெயர் வைப்பதில்தான் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சி இன்னதென்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் இல்லாதவர்களிலும் சிலருக்கு அது உண்டு. பலருக்குப் பசி, தாகம், வலி, சிறுநீர் முட்டுவது போன்ற உடம்பின் செய்திகளும் மங்கலாகவோ, தாமதமாகவோ, ஒரேயடியாக மிகையாகவோ வருகின்றன. என் மகன் ஒரு வாரம் சாப்பிடாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்தான். ஒரு மருத்துவரிடம் போனோம், "இது இவங்க நடத்தைதான், பழக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதிலிருந்து மூன்றாம் நாள் தலையணையில் சீழ். காது. வலிக்கிறது என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும், ஆனால் உள்ளே நடந்துகொண்டிருந்தது அந்த வார்த்தைதான் என்று அவனுக்குத் தெரியவில்லை. திடீரென்று நடத்தை மாறினால் முதலில் பல், காது, தொண்டை, வயிறு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி உட்கார்ந்து அடம் பிடியுங்கள்.

தினசரிக்கு என்ன செய்வது? "கோபமா இருக்கியா, சோகமா இருக்கியா" என்று கேட்காமல் உடம்பில் ஆரம்பியுங்கள். நம் மொழியில் இதற்குச் சொற்கள் ஏராளம்: நெஞ்சு படபடங்குது, வயித்தைக் கலக்குது, கை நடுங்குது, தொண்டை அடைக்குது, முகம் சுடுது, காது கும்முங்குது. ஒரு உடம்புப் படம் வரைந்து அவன் தொட்டுக் காட்டட்டும். இரண்டு வாரம் அதைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு ஒழுங்கு தெரியும். முகம் சுட்டால் அடுத்து கத்துவான் என்பதை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம், இப்போது அவனுக்கும் தெரியும், முகம் சுட்டால் குழாயடிக்குப் போய்விடுவான். ஆனால் "தலையே வெடிச்சிரும் போல இருக்கு", "வயிறு எரியுது அவளைப் பார்த்தா" மாதிரிப் பேச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும்போது கவனம். அவன் அப்பத்தா ஒரு நாள் தலை வெடிக்கும் என்று சொன்னதற்கு ராத்திரி முழுக்கத் தூங்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பொம்மைச் சோதனை

"ஆட்டிசம்னா அடுத்தவங்க மனசு புரியாதாமே" என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1985ல் சைமன் பேரன்கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் லண்டனில் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்து வைக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் குண்டு இப்போது இருக்கும் இடத்தையே, பெட்டியையே காட்டினார்கள். சாலிக்கு அது தெரியாது என்பது கணக்கில் வரவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் கூடையைச் சரியாகக் காட்டினார்கள்.

இது உண்மையான கஷ்டம், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீதி நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பேச்சுத் திறன் வளர வளர இந்தச் சோதனையில் தேறுகிறவர்கள் அதிகம் என்று பிறகு தெரிந்தது. அதோடு, சாலி எங்கே தேடுவாள் என்று கணிப்பதும், சாலி அழுதால் மனம் கலங்குவதும் ஒன்றே இல்லை. முதலாவதில் திணறிய என் மகன்தான் அப்பத்தாவுக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவன்.

2012ல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், இவர் தாமே ஆட்டிசம் உள்ளவர், ஒன்று சொன்னார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நாம் புரியாத மாதிரியே நமக்கும் அவர்கள் புரியவில்லை, ஆனால் குறை என்று எழுதப்படுவது அவர்கள் பக்கம் மட்டும். பிறகு ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று வரிசையாகச் சொல்ல வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்கள் வரிசையைவிட அதிகமாக எதையும் தவறவிடவில்லை. அவர்களுக்குள் பேச்சு ஓடுகிறது. இதைப் படித்தபிறகு நான் அவனிடம் கேட்பதைக் குறைத்து, நான் மனதுக்குள் வைத்திருப்பதை வெளியே சொல்வதை அதிகமாக்கினேன்.

மனதில் இருப்பதை வாயால் சொல்வது

வீட்டில் எல்லோரும் நினைப்பதைச் சொல்லுங்கள், சின்ன விஷயத்திலிருந்து. "அப்பத்தா சாவி ஆணியில இருக்குன்னு நினைச்சுக்கிட்டு அங்க தேடுறாங்க. அப்பா அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனதை அவங்க பார்க்கல." இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு போதும். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பதுதான் முக்கியம், பார்க்காதவருக்குத் தெரியாது என்பது அப்புறம் தானாகப் பிடிபடும். படக்கதைகளில் தலைக்கு மேல் வரும் எண்ணக் குமிழி மாதிரி வரைந்து காட்டினால் இன்னும் நல்லது, குமிழிகளை வைத்துக் கற்பித்து ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தேறியதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விட உதவியது உறவுமுறைதான். யோசித்துப் பாருங்கள், ஒரே மனுஷி, என் மகனுக்கு அப்பத்தா, நாத்தனார் மகனுக்கு ஆயா, என் கணவருக்கு ஆத்தா, எனக்கு அத்தை, தெருவுக்கு ஆச்சி. இது அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. பெயர் என்றால் ஒன்றுதானே இருக்க வேண்டும்? நாத்தனார் மகன் "ஆயா" என்று கூப்பிட்டால் "தப்பு, தப்பு, அப்பத்தா" என்று அவன் வாயைப் பொத்தப் போவான். சண்டை. நான் ஒரு பெரிய தாளின் நடுவில் அவர் படத்தை ஒட்டி, சுற்றிலும் எங்கள் எல்லோர் படத்தையும் ஒட்டி, ஒவ்வொரு படத்திலிருந்தும் நடுவுக்கு ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் அவரவர் கூப்பிடும் முறையை எழுதினேன். அப்புறம் ஒரு விளையாட்டு. ஒரு கோலிக்குண்டை யாராவது ஒருவர் படத்தின் மேல் வைப்பேன். "இப்ப நீ இங்க நிக்கிற. எப்படிக் கூப்பிடுவ?" ஒரு வருடம் விளையாடினோம். ஆளுக்கு ஆள் நிற்கும் இடம் வேறு, அங்கிருந்து தெரிவது வேறு என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை, நம் வீட்டில் ஆள் பெயர் சொல்லும் வழக்கம் குறைவாக இருப்பது இதற்கு எவ்வளவு உதவி என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்று, "வர்றேன்" என்ற சொல். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று நாம் எல்லோரும் "போயிட்டு வர்றேன்" என்றுதான் கிளம்புகிறோம். என் தம்பி அப்படிச் சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனான். என் மகன் மூன்று நாள் சாயங்காலம் வாசல் திண்ணையை விட்டு எழுந்து வரவில்லை. இப்போது யார் கிளம்பினாலும் எங்கள் வீட்டில் கூடவே ஒரு வரி உண்டு: "வர்றேன்பா, அடுத்த பொங்கலுக்கு." அதை நாட்காட்டியில் அவனே வட்டம் போடுகிறான். "சும்மா சொன்னேன்", "அப்புறம் பார்க்கலாம்", "இருக்கட்டும், வேணாம்" என்று வாயால் சொல்லி மனதில் வேறு வைத்திருக்கும் பேச்சுகளையும் இப்படியே விரித்துச் சொல்லுங்கள். "அவங்க வேணாம்னு சொல்றது மரியாதைக்கு, இன்னொரு தடவ கேட்டா வாங்கிக்குவாங்க."

நாலு பேர் கூடும் நாள்

ஊர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் ஐம்பது அறுபது பேர், எல்லோருக்கும் அவனைத் தெரியும், அவனுக்கு யாரையும் தெரியாது. கன்னத்தைக் கிள்ளுவார்கள், "நான் யாரு சொல்லு பார்ப்போம்" என்பார்கள். இந்தக் கேள்வியைத் தடுப்பது பெற்றவர்கள் வேலை. வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்: "அவனைப் பார்த்தால் உங்கள் பெயரையும் முறையையும் நீங்களே சொல்லுங்கள், தொடாதீர்கள்." ஒரு சின்ன ஆல்பம், வரப்போகிறவர்கள் படம், கீழே முறை, போன தடவை எங்கே சந்தித்தோம் என்று ஒரு வரி. ஒரு வாரம் முன்பிருந்து புரட்டுவோம். என்னென்ன நடக்கும் என்பதை அவன் பார்வையிலேயே சின்னக் கதையாக எழுதிப் படித்துக் காட்டுவதும் உதவும், 1990களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை பரப்பிய முறை அது.

பிள்ளையார் நோன்பு எங்களுக்கு ரொம்பக் கடினமாக இருந்தது. கார்த்திகைத் தீபத்துக்குப் பிறகு இருபத்தோராம் நாள், மாவுப் பிள்ளையாரில் நூல் இழையை வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தெரியாத பிள்ளைக்கு நெருப்பை வாய்க்கு அருகே கொண்டுபோனால் எப்படி இருக்கும்? முதல் வருடம் அவன் அலறியதில் நோன்பே நின்றுபோயிற்று. அடுத்த வருடம் பத்து நாள் முன்பிருந்தே தினமும் வெறும் மாவு, பிறகு நூலோடு மாவு, பிறகு நான் சுடரோடு எடுத்துக்கொள்வதைத் தூரத்திலிருந்து பார்ப்பது. அந்த வருடம் ஏற்றாத இழையை எடுத்துக்கொண்டான். அப்பத்தா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, "பிள்ளையாருக்குத் தெரியும்" என்றார். சுடரோடு எடுக்க அவனாகக் கேட்டது அதற்கு நான்கு வருடம் கழித்து.

வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை, சாமான் வைக்காத ஒன்றை, அவனுக்கென்று கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய வீடுகளில் அந்த அறைகள் இருட்டாக, குளிர்ச்சியாக, சத்தம் குறைவாக இருக்கும், அதைவிட நல்ல இடம் கிடையாது. சாவி அவன் கையில். ஒரு வேலையும் கொடுங்கள், இலை எண்ணுவது, பந்திக்கு எத்தனை பேர் என்று குறிப்பது மாதிரி. வேலை இருந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் கிளம்புங்கள், யார் கோபித்துக்கொண்டாலும்.

கடைசியாக அந்த நோட்டைப் பற்றி. அது அவனுடையது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் கேட்காமல் திறப்பதில்லை, சில பக்கங்களை மடித்து ஒட்டியிருக்கிறான், அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை எழுதி முடித்ததும் அவனிடம் உட்கார்ந்து முழுதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். காது விஷயம் இருக்கலாம் என்றான். கல் விஷயத்தில் மட்டும் நான் சரியாக எழுதவில்லையாம், இதைச் சேர்க்கச் சொன்னான்: முகப்பில் உள்ளே நுழைந்ததும் இடது கை பக்கம், நாலாவது வரிசை, ஏழாவது கல்.